கடல் சாமந்தியும் பவளமும் ஒரே தொட்டியில்: இதுவரை நடந்தது

பவளத் தொட்டியில் கடல் சாமந்தி (sea anemone, பூப்போல விரியும் கடல் உயிர்) வைக்கலாமா என்று கேட்டால், அனுபவசாலிகளில் பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். பவளம் ஒட்டின இடத்தில் இருக்கும், சாமந்தியோ நடக்கும். ஒளியோ நீரோட்டமோ ஒத்துவரவில்லை என்றால் பாதத்தைப் பாறையிலிருந்து விடுவித்துக்கொண்டு கிளம்பிவிடும். போகிற வழியில் உரசுகிற பவளத்தையெல்லாம் தேள் மாதிரி கொட்டிவிட்டுத்தான் போகும். இருந்தும் சேர்த்து வைத்திருக்கிறேன், இப்போதைக்கு நன்றாகவே போகிறது.

வீடு சென்னை மடிப்பாக்கத்தில். நாலடித் தொட்டி, சுமார் 240 லிட்டர். சாமான்கள் பெரும்பாலும் கொளத்தூரில் வாங்கியவை. போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ நேரடியாக ஆகாது. ஆர்ஓ, அப்புறம் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் என்று வடித்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டின பிறகுதான் உப்பு கலக்கிறேன். “பெசன்ட் நகர்ல ரெண்டு கேன் பிடிச்சுட்டு வந்தா ஆகாதா மாப்பிள்ளை?” என்று மாமனார் கேட்டார். அடையாறு கலக்கிற கடல் மாமா அது என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பவளம் தேர்ந்தெடுப்பதில் சட்டமும் இருக்கிறது. பாறை கட்டும் கல் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாச் சரக்கு என்று யாராவது கண்ணைக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். என் தொட்டியில் இருப்பது கல் கட்டாத மென் வகைகள்: மஷ்ரூம், ஜோவாந்திட், ஒரு லெதர், அவ்வளவுதான். மூன்றும் நண்பர்கள் தொட்டியில் வளர்ந்த துண்டுகள். சாமந்தியும் அப்படித்தான்: ஒரு நண்பரின் பபிள் டிப் (நுனி குமிழாக உப்பும் சாமந்தி வகை) தானாகவே இரண்டாகப் பிரிந்ததில் ஒரு பாதி. தொட்டியில் பிறந்து பழகிய உயிர் என்பதால் புதுத் தண்ணீருக்குச் சீக்கிரம் ஒத்துப்போனது. வாங்கும்போது வாயைப் பார்க்க வேண்டும். இறுக மூடியிருந்தால் நல்லது, பிளந்து தொங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், பாறை அடுக்கியது. ஒரே மலையாகக் குவிக்காமல் இரண்டு குவியலாகப் பிரித்து, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் விட்டிருக்கிறேன். இடது குவியல் முழுக்கச் சாமந்திக்கு. பபிள் டிப்புக்குப் பாதத்தைச் செருகிக்கொள்ள ஆழமான பொந்து வேண்டும். அது கிடைத்துவிட்டால் ஊர் சுற்றும் ஆசை பெரும்பாலும் போய்விடும். முதலில் சாமந்தியை மட்டும் விட்டு, அது தானாக ஓரிடம் பிடித்து, சில வாரம் நகராமல் இருக்கிறதா என்று பார்த்தபிறகே வலது பக்கத்தில் பவளங்களை ஒட்டினேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலை, மற்றவற்றை அதற்கேற்ப வைப்பது நம் வேலை. தலைகீழாகச் செய்தால் சண்டைதான். மணலைக் கடக்கவே கடக்காது என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் பாறை மேல் நகர்கிற அளவுக்கு மணலில் நகர அதற்கு இஷ்டமில்லை.

நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பான பவர்ஹெட்டின் உறிஞ்சும் பக்கத்தில் ஸ்பாஞ்ச் உறை போடாமல் சாமந்தி வாங்கவே கூடாது. சிக்கினால் அரைத்துவிடும். அரைபட்ட சாமந்தி தண்ணீரைக் கெடுத்துத் தொட்டியில் மிச்சமுள்ளதையும் கொண்டுபோய்விடும்.

கத்திரி வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போய் நீரோட்டம் நின்றது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் நின்றது. தெர்மாமீட்டர் 26-லிருந்து ஏறி 29-ஐத் தொட்டபோது சாமந்தி சுருங்கி, பொந்திலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. சூடு நீடித்தால் உடலுக்குள் இருக்கும் பாசியைத் துப்பி வெளுத்துவிடும். பவளத்துக்கும் அதே கதிதான். பேட்டரி ஏர் பம்ப்பைப் போட்டுவிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டேன். கரண்ட் வந்ததும் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போது ஒரு பவர்ஹெட் இன்வர்ட்டரில் ஓடுகிறது. மின்விசிறியால் குளிர்விக்கலாம் என்பார்கள். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆவியாவதே குறைவு, பெரிதாக ஒன்றும் இறங்குவதில்லை.

கோமாளி மீன்கள் தனிக் கதை. ஒசெல்லாரிஸ் என்ற இனத்தில் ஒரு ஜோடி, தொட்டியில் பொரித்தவை. கடலில் இந்த இனம் பபிள் டிப்பில் குடியிருப்பதில்லை, தொட்டியில் பல சமயம் ஏற்றுக்கொள்ளும். என்னுடையவை சாமந்தியைக் கண்டுகொள்ளாமல் லெதரின் மேல் போய் உருண்டன. பாவம், அது பாலிப்பே (மேலே பூப்போல விரியும் சிறு உறுப்புகள்) திறக்கவில்லை. லெதரைக் கண்ணாடி ஓரம், ஓட்டம் அதிகமுள்ள இடத்துக்கு மாற்றினபிறகுதான் ஜோடி சாமந்தி வீட்டுக்குக் குடிபோனது.

கொட்டுவது மட்டும் சண்டையில்லை. லெதர் தண்ணீரில் ரசாயனமும் விடும். அதை உறிஞ்சுவதற்காகக் கார்பன் வடிகட்டி எப்போதும் ஓடுகிறது, மாதாமாதம் மாற்றுகிறேன். உப்படர்த்தி 1.025, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8-9 dKH, நைட்ரேட் (கழிவிலிருந்து சேர்வது) 5-10 ppm. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்க நான் முயல்வதில்லை, மென் பவளங்களுக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும். வாரம் ஒருமுறை சாமந்திக்கு நகக்கண் அளவு இறால் துண்டு.

ஜோவாந்திட்டைத் தொடும்போது மட்டும் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டின பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

சாமந்தி இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் விரிகிறது. பிரிந்தால் ஒரு பாதிக்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டுக்கு இடது குவியலில் இடமில்லை.