வைகை வணிக வழி வரைபடம்: அழகர்மலை வரை வந்தாச்சு

வைகையை ஒட்டிப் போன பழைய வணிக வழியைப் பெரிய சார்ட் தாளில் வரைந்துகொண்டிருக்கிறேன். கடலோரத்து அழகன்குளம், கீழடி, மதுரை என்று ஆற்றோடு மேலேறும் பகுதி முடிந்தது. வெளியூர்ச் சரக்குக்குச் சிவப்பு மை: அழகன்குளத்தில் ரோமக் காசும் ஆம்போரா சாடித் துண்டும், கீழடியில் சூதுபவள மணியும். அந்தக் கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது.

உள்ளூர்ச் சரக்குக்குப் பச்சை மை வைத்திருந்தேன். அதற்கு வேலை வந்தது அழகர்மலையில்தான். கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறினால் சமணர் படுக்கைகள் உள்ள குகை. அதன் பாறை நெற்றியில் தமிழ்ப் பிராமி, அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவம். பாறையைத் தொடாமல், அண்ணாந்து பார்த்து நோட்டில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன். வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டின் ஓரத்தில் நிழல் கட்டி, வடிவம் பிடிபடுகிறது. கழுத்து வலித்தாலும் வீட்டுக்கு வந்து அச்சில் உள்ள வாசிப்போடு ஒப்பிட்டபோது மனசு நிறைந்துவிட்டது. மதுரை உப்பு வணிகன் வியகன், பணித வணிகன் நெடுமலன், கொழு வணிகன் எளசந்தன். உப்பு, வெல்லப்பாகு, கலப்பைக் கொழு விற்றவர்கள், 2,000 ஆண்டுகளுக்கு முன் துறவிகளுக்குக் கொடை தந்து பேரைப் பொறித்திருக்கிறார்கள்.

ரோம வணிகம் என்றாலே மிளகும் முத்தும் பொற்காசும்தான் பேச்சு. எனக்கு இப்போது இந்த மூன்று பேர்தான் முக்கியமாகப் படுகிறது. உப்பு கடற்கரையில் விளைவது. உமணர்கள் என்ற உப்பு வணிகர்கள் அதை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்கு ஊர் இப்படித் தினசரிச் சரக்கு ஓடிய பாதை இருந்ததால்தானே கப்பல் சரக்கும் அதில் ஏறி வந்திருக்கும்?

எழுத்தும் வணிகரோடு போயிருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் கதீமில் கிடைத்த பானை ஓட்டில் இதே எழுத்தில் 'பானை ஒறி' என்று இருக்கிறது, அதாவது பானையைத் தொங்கவிடும் உறி. தாய்லாந்தில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவரின் கல். இரண்டையும் சார்ட்டின் ஓரத்தில் தனிக் கட்டமாக வரைந்துவிட்டேன்.

அடுத்து மதுரைப் பக்கத்து மாங்குளம் மலைக் கல்வெட்டுகள். அங்கே வெள்ளறை நிகமத்தோர், அதாவது ஒரு வணிகக் குழுவே சேர்ந்து கொடை தந்திருக்கிறது. வெள்ளறை என்பது பக்கத்து வெள்ளரிப்பட்டி என்று கருதுகிறார்கள். அங்கிருந்து மலை வரை நடந்தே போய், பச்சைக் கோடு அந்தப் பக்கமும் போட வேண்டும்.