பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரு கணினி: காரைக்குடி நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025, சனி

இரண்டாம் கட்டு, கிழக்கு அறை. ஆனியில் பூட்டிய வீடு, தீபாவளிக்காகத் திறந்திருக்கிறது. கணினி உதிரியாக வாங்கி வீட்டிலேயே சேர்த்தது: ரைசன் 5 5600 பிராசசர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. நான்கு மாதமாகப் பிளக் கழற்றிக் கிடந்தது. இன்று பட்டனை அழுத்தினால் விசிறியும் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி சொன்னதுதான் முதல் துப்பு: "தம்பி, பிளக்கு போட்டப்பறம் பெட்டியத் தொடச்சேன், கையில சுருக்குன்னுச்சு."

ஆகவே மூடியைத் திறக்காமல் சுவரிலிருந்து தொடங்கியாயிற்று. மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட்டில் வைத்து, கணினி செருகியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அளவு. பேஸ்-நியூட்ரல் 231. பேஸ்-எர்த் 117. நியூட்ரல்-எர்த் 114. கடைசி இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

காரணம் இதுதான். பவர் சப்ளைக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலேயே இரைச்சல் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் பேஸிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன கெபாசிட்டர் (மின்தேக்கி), நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு இன்னொன்று. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு பெட்டியின் இரும்பில் பாதி வோல்ட்டை நிறுத்திவிடும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே, அதனால்தான் வெறும் சுருக். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அறுந்த அதே எர்த் ஒயரில் பிரிட்ஜும் மிக்சியும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் உண்மையான கசிவு வந்தால் கணினிப் பெட்டி வரை அது வந்து நிற்கும். ஈரத்துணி போட்ட ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஒயர்மேன் வெள்ளிக்கிழமைதான் வருவார். முகப்பு அறைப் பலகைக்கு மீட்டர் மாற்றியபோது போட்ட தனி எர்த் இருக்கிறது. அங்கே நியூட்ரல்-எர்த் 1.6 வோல்ட், நல்ல அளவு. கணினியை முகப்புக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இடம் மாற்றியும் உயிர் இல்லை. பவர் சப்ளையின் 24 முனை கனெக்டர் மதர்போர்டில் இருக்கும்போதே மீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் இரும்பில் வைத்து, சிவப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாக ஊதா ஒயரில் செருகி அளவு: 5.07 வோல்ட். இது ஸ்டாண்ட்பை மின்சாரம், பட்டன் அழுத்தாமலே இருக்க வேண்டும். 4.75 முதல் 5.25 வரை சரி. எல்லா ஒயரும் கறுப்பாக வரும் பவர் சப்ளைகளில் ஊதாவுக்குப் பதில் 9ஆம் முனையையும், பச்சைக்குப் பதில் 16ஆம் முனையையும் எண்ணிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து, பவர் சப்ளையை எழுப்பும் பச்சை ஒயர். பட்டனை அழுத்தினால் போர்டு இதைக் கறுப்பு ஒயரோடு (கிரவுண்ட்) இணைத்து, வோல்ட் சுழிக்கு அருகே விழ வேண்டும். பட்டனை எத்தனை முறை அழுத்தியும் விழவில்லை. அப்படியானால் குற்றம் பவர் சப்ளையில் இல்லை. பட்டனிலோ போர்டிலோ இருக்கிறது. பெட்டியிலிருந்து வரும் பவர் பட்டன் ஒயரைக் கழற்றி, போர்டில் தெரிந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டதும் விசிறிகள் சுற்றின. பட்டனின் உள்தகடு ஈரத்தில் கறுத்திருக்கிறது. ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் ஊசிகளில் மாட்டியாயிற்று. இரண்டும் ஒரே வகைப் பட்டன், திசை பார்க்க வேண்டியதில்லை. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்த அளவை எடுக்காதவர்கள் இதே நிலையில் புதுப் போர்டு வாங்கிவிடுவார்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை. முதலில் மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்று பார்த்தது. 5600இல் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்.டி.எம்.ஐ.யில் செருகினால் காலத்துக்கும் கறுப்புத் திரைதான். கேபிள் சரியாக இருந்தது. போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு சிறு விளக்குகளில் ரேமுக்கானது அணையாமல் எரிகிறது. நாளைக்கு அதுதான் வேலை.

அக்டோபர் 13, திங்கள்

பிளக்கைக் கழற்றி, பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை வடித்த பிறகு இரண்டு ரேமும் வெளியே. தொடுமுனைகள் தங்கப் பூச்சுதான். தங்கம் அரிக்காது; ஆனால் பூச்சு மிக மெல்லியது. அதிலிருக்கும் நுண்துளை வழியே ஈரம் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தொட்டுவிடும், அந்த அரிப்பு மேலே வந்து படியும். அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இதே ஊரில்தான் இருக்கிறது. மற்றபடி வீட்டில் இதற்குத் தேவையானது 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் மட்டும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் வழக்கம் எங்கும் உண்டு. அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும், துகளும் ஸ்லாட்டுக்குள் விழும். வேண்டாம்.

ஒரே ஒரு ரேம், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில். போர்டுகள் பெரும்பாலும் ஒற்றை ரேமை அங்கேதான் எதிர்பார்க்கின்றன. படம் வந்தது! அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில், அதற்கும் வந்தது. இரண்டையும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட்டும் வந்தது. ஆக ரேமும் ஸ்லாட்டும் நலம், அழுக்குதான் குற்றம். ஒரு சமயத்தில் ஒரே மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டு ரேமையும் சேர்த்துத் துடைத்துச் சேர்த்துப் போட்டுவிட்டால், நாளைக்கு மறுபடி தகராறு வரும்போது எதை நம்புவது என்று தெரியாது.

தேதி 2020 ஜனவரி என்று காட்டுகிறது, அதனால் பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை. சி.ஆர்.2032 காசு பேட்டரியில் 2.31 வோல்ட், புதியதில் 3க்கு மேல் இருக்கும். பிளக் செருகியிருந்தால் கடிகாரம் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் ஓடும், கழற்றினால் இந்தக் காசில்தான். பூட்டிய வீடுகளில் இது சீக்கிரம் தீர்வது அதனால்தான். பேட்டரி மாற்றிய பின் முதல் முறை படம் வர ஓரிரு நிமிடம் ஆகலாம், போர்டு ரேமைப் புதிதாகப் பழகிக்கொள்கிறது. இடையில் அணைக்கக் கூடாது. ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இப்போதைக்குப் போடவில்லை, ரேம் 1.2 வோல்ட்டில் அடிப்படை வேகத்திலேயே ஓடட்டும். இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரல், நான்கு சுற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

நான்கு சுற்றிலும் பிழை சுழி. ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. மாலையில் இடி, பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றியாயிற்று. பலர் லேனை மறந்துவிடுகிறார்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும்.

அக்டோபர் 15, புதன்

எக்ஸ்.எம்.பி. போட்டு, பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் முழுச் சுமை. 24ஆவது நிமிடம் பட்டென்று அணைந்தது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (ஈவென்ட் லாக்) கெர்னல்-பவர் 41. இந்த எண் "ஒழுங்காக மூடப்படவில்லை" என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. இதை வைத்து எந்த உதிரியையும் குற்றம் சொல்ல முடியாது.

அணைந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். பிராசசர் சூடு 78 டிகிரி. அதன் வரம்பு 90, அதை நெருங்கினாலும் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். கிராபிக்ஸ் கார்டின் திடீர் இழுப்பு காரணம் என்றால் சுமை ஏறிய நொடிகளிலேயே விழுந்திருக்கும், பவர் சப்ளையின் பின் சுவிட்சை அணைத்துப் போட்டால் உடனே எழுந்தும்விடும். இது 24 நிமிடம் தாங்கியது, பிறகு சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தும் கால் மணி நேரம் அசையவில்லை. ஆறியதும் தானாகச் சரியானது. இரண்டாம் முறை 19ஆவது நிமிடத்தில் விழுந்தது. 12 வோல்ட் சுமையில்லாதபோது 12.08, சுமையில் 11.93, அனுமதி 11.40 வரை. வோல்ட் சரி. சூட்டில் தன்னைக் காத்துக்கொள்ளும் பவர் சப்ளை இப்படித்தான் நடக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

டார்ச் அடித்ததும் விடை கிடைத்தது. பவர் சப்ளையின் விசிறி வலைக்குள் குளவி செம்மண்ணால் கூடு கட்டியிருக்கிறது, இறக்கை ஒன்று மண்ணோடு ஒட்டிப்போயிருக்கிறது. விசிறி அசையவே இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டில், மழைக்கு மறைவான சின்னத் துவாரம். குளவிக்கு வேறென்ன வேண்டும்.

பவர் சப்ளையைத் திறந்து சுத்தம் செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கும் மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும். வலைக்கு வெளியிலிருந்து மண்ணைக் குச்சியால் எடுத்தால் பாதி உள்ளேதான் விழும். எத்தனை மணி நேரம் காற்றில்லாமல் வெந்தது என்பதும் தெரியாது. மாற்றுவதே சரி, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

புதிய 550 வாட் போட்டாயிற்று. பழைய பவர் சப்ளையின் கழற்றி மாட்டும் கேபிள்களை ஒன்றுகூட விடாமல் எடுத்தாயிற்று. போர்டு பக்கம் எல்லாம் ஒரே அமைப்பு, பவர் சப்ளை பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. துளைக்குப் பொருந்துகிறதே என்று டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிளை மாட்டினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், டிஸ்க் எரிந்துவிடலாம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒயர்மேன் அண்ணன் வந்தார். சுவரைத் தட்டவில்லை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் காடி வெட்டினால் பழைய பளபளப்பு திரும்ப வராது. நேரே கொல்லைக்குப் போனார். எர்த் குழாயின் கிளாம்ப் துருப்பிடித்துக் கம்பி தனியே தொங்குகிறது. குழியும் காய்ந்து பாறையாக இருக்கிறது, இந்தப் பக்கத்துச் செம்புறாங்கல் மண் ஈரம் தங்காது. துருவைச் சுரண்டிப் புதுக் கிளாம்ப், புதுக் கம்பி, குழிக்கு நான்கு குடம் தண்ணீர். பிறகு கிழக்கு அறையில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு வைத்துக் காட்டினார்: முழு வெளிச்சம். மீட்டர் மட்டும் வைத்தால் நூலிழையில் தொங்கும் எர்த்தும் 230 காட்டும், பல்பு கிட்டத்தட்ட அரை ஆம்பியர் இழுப்பதால் ஏமாறாது. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை அதைத் தட்டிவிடும். எப்படியும் ஒயர்மேன் கையால் மட்டும். நியூட்ரல்-எர்த் இப்போது 1.2 வோல்ட். ஆச்சி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 18, சனி

கிழக்கு அறையில் இரண்டு மணி நேரம் முழுச் சுமை. பிராசசர் 76, புதிய பவர் சப்ளையின் பின்காற்று வெதுவெதுப்பு, அணையவில்லை. எக்ஸ்.எம்.பி.யோடு மெம்டெஸ்ட் மறுபடி நான்கு சுற்று, பிழை இல்லை.

தீபாவளி முடிந்து பூட்டும்போது செய்ய வேண்டியது, பெட்டியின் மேலேயே சீட்டு ஒட்டியாயிற்று: பிளக், லேன் இரண்டும் கழற்று. பின்பக்கத் துவாரங்களுக்கும் பவர் சப்ளை வலைக்கும் கொசுவலைத் துணி கட்டு. பெட்டியைத் தரையில் வைக்காதே, பலகை மேல் வை. திறக்கும்போது முதலில் கொசுவலையை அவிழ், டார்ச் அடித்து விசிறிகளைப் பார், விரலால் ஒரு சுற்றுச் சுற்று. அதன் பிறகு பிளக்.