தற்செயல் என்று சொன்னேன்

"அந்த வரி ஸ்கிரிப்டில் இல்லை" என்று நிலைய மேலாளரிடம் சொன்னேன். அது உண்மை. நிகழ்ச்சித் தயாரிப்பாளரான என் கைக்கு வந்த தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. நிகழ்ச்சியை நடத்திய நகைச்சுவை எழுத்தாளரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்பதும் உண்மை. ஆனால் அவர் என்னோடு பேசாமல் போனது அந்தப் பதிலுக்காகத்தான்.

நடந்தது சின்ன விஷயம். நகராட்சி நடத்திய தோட்டப் போட்டியில் ஒரு கவுன்சிலரின் தோட்டத்துக்கு முதல் பரிசு என்று உள்ளூர்ச் செய்தியில் வாசித்தார்கள். செய்தி முடிந்து மைக் திறந்தது. "வாழ்த்துகள்" என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தினார். "நடுவர்கள் வீட்டைப் பெரிதாக்கிக் கட்ட அனுமதியும் அதே தபாலில் போய்ச் சேர்ந்ததாம்." உடனே பாட்டைப் போட்டுவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கவுன்சிலர் தரப்பிலிருந்து கடிதம் வந்தது.

இங்கிலாந்தில் வானொலி வேலை பார்ப்பவர்களிடம் இந்தக் கதையைத் தொடங்கினால் பாதியிலேயே வானொலி அறிவிப்பாளர் கென்னி எவரெட் பெயரைச் சொல்லிவிடுவார்கள். 1970 ஜூலையில் பிபிசியின் ‘ரேடியோ ஒன்’ நிலையத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். போக்குவரத்து அமைச்சர் ஜான் பேட்டனின் மனைவி உயர்நிலை ஓட்டுநர் தேர்வில் தேறினார் என்று செய்தி வந்தது. தேர்வாளர் கையில் ஐந்து பவுண்டு நோட்டைத் திணித்திருப்பார் என்கிற மாதிரி எவரெட் ஒரு வார்த்தை விட்டார். வேலை போயிற்று. 1967-இல் ரேடியோ ஒன் தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருந்த ஆள். அதற்கும் முன்னால், கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ லண்டனிலும் இப்படித்தான். அந்த நிலையத்துக்குப் பெரும் பணம் கொடுத்துக்கொண்டிருந்த மத நிகழ்ச்சியையே கேலி செய்து 1965-இல் வெளியே அனுப்பப்பட்டவர்.

எங்களுடையது பிபிசி இல்லை. விளம்பரமும் நன்கொடையும் மானியமும் சேர்ந்தால்தான் மாத வாடகை கட்ட முடிகிற ஒரு சமுதாய வானொலி. அவதூறு வழக்கு ஒன்று வந்தால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் மேலாளர் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டதும் நியாயமான கேள்வி: "அது முன்கூட்டியே எழுதினதா, வாயில் வந்ததா?" திட்டமிட்டுச் சொன்னதைவிட வாய் தவறிச் சொன்னதற்குத் தண்டனை குறைவு. உலகம் முழுக்க அப்படித்தானே? ஆகவே ஸ்கிரிப்டில் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நேரலையில் தற்செயலாக வந்துவிட்டது" என்றும் சேர்த்துக்கொண்டேன். மன்னிப்பு வாசகத்திலும் அதே சொற்கள் போயின. பிரச்சினை முடிந்தது. நிகழ்ச்சி தப்பியது.

அந்த வாரம் நிகழ்ச்சிக்கு முன் எழுத்தாளர் ஸ்டுடியோவுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தற்செயல் என்று நீயா சொன்னாய்?"

"ஆமாம். அப்படிச் சொன்னதால்தான்…"

"பரிசுச் செய்தி வாரப் பத்திரிகையில் வந்த அன்றே உட்கார்ந்து எழுதினேன். முதலில் லஞ்சம் என்று வந்தது. அடித்தேன். உறை என்று வந்தது. அதையும் அடித்தேன். அதே தபாலில் என்று வருவதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. நீ அதை வாய் தவறினது என்கிறாய்."

"வேலை போயிருக்கும்."

"எழுதினதற்காகப் போகட்டுமே."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். ஒரு சமயம் அவர்மேல் கோபம் வருகிறது. உங்கள் வேலையோடு என் வேலையும் போயிருக்கும், ஐயா. செய்தி வாசித்தவர், ஒலிப்பதிவு பார்க்கும் தன்னார்வப் பையன், இவர்கள் எல்லாரும் உங்கள் ஒரு வரிக்காகத் தெருவுக்கு வர வேண்டுமா? எழுதியதை ஏன் எனக்குக் காட்டவில்லை? காட்டினால் வெட்டியிருப்பேன் என்று தெரிந்துதானே மறைத்தீர்கள்? இப்படி வரிசையாகக் கேள்விகள் வருகின்றன, எல்லாமே சரியாகவும் இருக்கின்றன. அப்புறம் அவர் பக்கமும் தெரிகிறது. முப்பது விநாடி சிரிப்புக்கு மூன்று பக்கம் எழுதி, கடைசியில் ஒரு வரியை வைத்துக்கொள்கிற மனிதர் அவர். தொலைக்காட்சிக்காரர்களுக்கு எழுதிய காலத்தில் அவர் வரிகளை வேறு யாரோ சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். தன் வரியைத் தானே சொல்ல வேண்டும் என்றுதான் சம்பளம் இல்லாத இந்த வானொலிக்கு வந்தார். அதை நான் தும்மல் மாதிரி ஆக்கிவிட்டேன் என்கிறார்.

எவரெட்டையும் வாய்த்துடுக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய வேலையைக் கேட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தன் குரல்மேலேயே தன் குரலை அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு சின்ன ஜிங்கிளுக்காக மணிக்கணக்கில் நாடாவை வெட்டி ஒட்டிய ஆள். பின்னாளில் கேபிடல் ரேடியோவில் கேப்டன் கிரெம்மன் என்று ஒரு விண்வெளிக் கோமாளித் தொடரை அப்படித்தான் உருவாக்கினார். வெளியேற்றப்பட்ட பிறகு பிபிசியின் உள்ளூர் நிலையங்களில் மறுபடி இடம் கிடைத்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: நிகழ்ச்சியை முன்பே பதிந்து கொடுக்க வேண்டும், அவர்கள் கேட்டுப் பார்த்துத்தான் ஒலிபரப்புவார்கள். நாடாவோடு வாழ்ந்த மனிதருக்கு நாடாவையே தண்டனையாகக் கொடுத்தார்கள்.

எங்கள் மேலாளரும் அதே முடிவுக்குத்தான் வந்தார். இனி எல்லாம் முன்பே பதிந்துதான். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2008-இல் நிகழ்ச்சி நடத்துநர்கள் ரசல் பிராண்டும் ஜொனாதன் ராஸும் நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில் பேசி வைத்த அசிங்கம், ரேடியோ டூவில் முன்பே பதிந்த நிகழ்ச்சியில்தான் போனது. கேட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, அப்புறமும் போனது. பிபிசிக்கு, ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. பதிவு இருந்தது, கேட்க ஆள் இருந்தார், வேண்டாம் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. அப்படிச் சொல்கிற ஆள்தான் தயாரிப்பாளர் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்ட வரியை எனக்கு முன்பே காட்டியிருந்தால், சிரித்துவிட்டு, "சரி, சொல்லுங்கள்" என்றிருப்பேனோ என்று சில நாள் தோன்றுகிறது. வெட்டியிருப்பேன் என்று மேலே எழுதியதை அடிக்கவும் மனமில்லை.

முன்பதிவு நிகழ்ச்சிகளைச் சில வாரம் ஒழுங்காகச் செய்து கொடுத்தார். சுத்தமாக இருந்தன. யாரும் கடிதம் போடவில்லை, நல்லதாகவோ கெட்டதாகவோ. பிறகு வரவில்லை.

உரிமம் பெற்ற நிலையம் ஒலிபரப்பிய எல்லாவற்றையும் 42 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அதன் பிறகு அழிக்கலாம். அந்தக் கெடு முடியும் சமயத்தில் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: அந்தத் துண்டு மட்டும் கிடைக்குமா? மேலாளரிடம் கேட்காமல் வெட்டி அனுப்பினேன். நன்றி என்றோ, நடந்தது போகட்டும் என்றோ பதில் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"வாழ்த்துகளுக்கு அப்புறம் ரொம்ப நேரம் நிறுத்திவிட்டேன். பாதியாகக் குறைத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.