கியாலாமியில் ஒரு மணி நேரம்

நேற்று இரவு தென்னாப்பிரிக்காவின் கியாலாமி பந்தயத் தடத்தில் கார் ஓட்டினேன், டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டில் உட்கார்ந்தபடியே. அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே என்ற கார் பந்தய வீடியோ கேம், ஜிடி3 வகை பந்தய கார்கள், 60 நிமிட ஆன்லைன் பந்தயம். 4.5 கிலோமீட்டர் தடம், அதில் மைன்ஷாஃப்ட் இறக்கம்தான் எனக்கு உயிர். மேடு தாண்டியதும் சாலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். பிரேக்கை மெல்ல மெல்ல விட்டால்தான் கார் திரும்பும், சட்டென்று விட்டால் முன்சக்கரப் பிடி குறைந்து கார் திரும்பாமல் வெளியே போய்விடும். இதைப் பழகவே மூன்று வாரம் ஆனது.

22-ஆம் இடத்தில் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போய்விடுமோ என்று ஒரே பயம், நல்லவேளை போகவில்லை. 9-ஆவதாக முடித்தேன்!

அப்பா கடைசி வரை பின்னால் நின்றே பார்த்தார். 1993-இல் பிரெஞ்சு வீரர் அலைன் புரோஸ்ட் வென்ற எஃப்1 பந்தயத்தை அங்கே நேரில் பார்த்தவர். "அதே இறக்கம்தான்டா" என்றார். அப்புறம் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்துவிட்டேன்.