"தம்பி, போட்டோவை யாருக்குக் கொடுத்தீங்க?"

கும்பகோணத்தில் கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஆல்பம் தாமதம் என்று திட்டு வாங்கியிருக்கிறேன், தாலி கட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் வேலை செய்யாமல் வியர்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் அப்பா காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு, "தம்பி, எங்க பொண்ணு போட்டோவை யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

வெளியூர் நகைக்கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம் விளம்பரம். முகூர்த்தத்துக்கு முன்னால் ஜன்னலோரம் நின்று ஜிமிக்கியைச் சரிசெய்துகொள்ளும் பெண். கீழே "செய்கூலி இல்லை". நான் யாருக்கும் கொடுக்கவில்லை. எங்கள் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தேன், ஓரத்தில் பெயரோடு. அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். அந்த ஜிமிக்கி அவர்கள் கடையில் வாங்கியதுகூட இல்லை, பெண்ணின் பாட்டியுடையது. அப்பாவுக்கு அதில்தான் கோபம் அதிகம்.

"என் படத்தைத் திருடிட்டாங்க சார்" என்று வக்கீலிடம் போனேன். அவர் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கவே இல்லை. "காசு கொடுத்தது யாரு?" என்றார். பெண் வீட்டார். "ஒப்பந்தம் ஏதாவது எழுதினீங்களா?" அட்வான்ஸ் ரசீதுதான் இருந்தது. "அப்போ காப்பிரைட் அவங்களோடது. உங்களோடது இல்லை."

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறதாம். படம் எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. பொதுவாக உரிமையும் அவருக்கே. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் காசு வாங்கி எடுத்த போட்டோ என்றால், வேறுவிதமாகப் பேசி வைத்துக்கொள்ளாதவரை அது அவருடையது. எனக்கு மிஞ்சுவது 57ஆம் பிரிவு: எடுத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்து அவர் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. "உங்க பக்கத்துல போடறதுக்கு அவங்ககிட்ட கேட்டீங்களா?" நான் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, புகார் கொடுக்க வேண்டியவர் அப்பாதான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் டைப் அடித்தேன். புகார் போனதும் பதிவு மறைந்துவிடும் என்பதால், முதலில் இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். அப்புறம் இன்ஸ்டாகிராமின் புகார்ப் படிவம். நம் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப் புகார் சரியாக இருந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அதைத் திரும்பக் காட்டலாம். அதனால் கடைக்கு வக்கீல் நோட்டீஸும் போனது.

வழக்கு என்று இறங்கினால் தடை உத்தரவு, நஷ்டஈடு இரண்டும் கேட்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், உரிமையாளர் தன் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபித்தால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அப்பா கையை ஆட்டிவிட்டார். "பொண்ணு படத்தைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்கு அலைய முடியாது. எடுத்தாப் போதும்." எடுத்துவிட்டார்கள். "கூகுளில் கிடைத்தது" என்று ஒரு வரி பதில், மன்னிப்பு இல்லை. கூகுளில் கிடைத்தால் கோயில் பிரசாதம் என்று நினைக்கிறார்கள். என் பக்கத்திலிருந்தும் அன்றைக்கே எடுத்தேன்.

அதே வக்கீல் இன்னொரு படத்துக்குப் பணமும் வாங்கித் தந்தார். 2016 பிப்ரவரி 22, மகாமகத்தன்று குளக்கரை மொட்டைமாடியிலிருந்து எனக்காக எடுத்தது. அதை ஒரு சுற்றுலா நிறுவனம் விளம்பரத்தில் போட்டிருந்தது. யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை, அதனால் முழுக்க என்னுடையது. காப்பிரைட்டைப் பதிவு செய்திருக்கவில்லை; சட்டத்தில் அது கட்டாயமும் இல்லை. கேமராவில் பதிவான மூலக் கோப்பு, அதாவது ரா ஃபைல், என்னிடம் மட்டும் இருந்ததே போதுமானதாக இருந்தது. பெரிய தொகை இல்லை, ஒரு லென்ஸை ரிப்பேர் பார்த்தேன்.

இப்போது ரசீதுப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "படங்களை ஸ்டுடியோ பக்கத்தில் போடலாம் / கூடாது." போன மாதம் ஒரு அம்மா "கூடாது" என்பதை இரண்டு தடவை சுழித்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். எப்போதோ சேமித்து வைத்த ஸ்கிரீன்ஷாட். ஜன்னல், ஜிமிக்கி, கீழே "செய்கூலி இல்லை".

"தம்பி, இதே மாதிரி ஒண்ணு எங்க பொண்ணுக்கும் எடுத்துடுங்க."