சிவப்பு மருந்து ஏற்றும்போது கண் கேனுலாவிலேயே இருக்கட்டும்

கீமோ வார்டில் நாங்கள் அதிகம் பயப்படுவது டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்துக்குத்தான். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். அன்று லேசான சிவப்பாகத் தெரிவது, நாட்கள் கழித்துத்தான் புண்ணாக உடையும்.

அதனால் முதல் வேலை இடம் பார்ப்பது. முன்கையில் நேராக ஓடும் தடித்த குழாயே நல்லது. மணிக்கட்டும் முழங்கை மடிப்பும் வேண்டாம். அங்கே தோலுக்கு அடியிலேயே தசைநார்களும் நரம்புகளும் இருக்கின்றன. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையையும் விட்டுவிடுங்கள். நேற்றைய கேனுலா (ரத்தக்குழாய்க்குள் செருகும் மெல்லிய குழல்) நன்றாக ஓடினாலும் புதிதாகவே போடுங்கள். ஒரு குத்து தவறினால் அடுத்ததை அதற்கு மேலே, தோள் பக்கமாகப் போட வேண்டும். கீழே போட்டால் பழைய துளை வழியாக மருந்து கசியும். கேனுலாவின் மேல் ஒட்டுவது ஊடே தெரியும் பிளாஸ்திரியாக இருக்கட்டும்.

பெயர், மருந்து, அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை இருவர் தனித்தனியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. இரட்டைக் கையுறை, நீர் புகாத கவுன், கண்ணாடி கட்டாயம். டியூபில் காற்றை வெளியேற்றுவது சலைனால்தான், மருந்தால் அல்ல.

ஓடிக்கொண்டிருக்கும் சலைனின் பக்கவாட்டு போர்ட்டில் மெதுவாகச் செலுத்துங்கள். 2 முதல் 5 மி.லி.க்கு ஒருமுறை நிறுத்தி, ரத்தம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினாலும் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை. "எரியுதாம்மா, இறுக்கமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். குழாய் நெடுகச் சிவந்த கோடும் அரிப்பும் மட்டும் வந்து, வீக்கமில்லாமல் ரத்தமும் திரும்பினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை மாதிரியான எதிர்வினை. அப்போதும் நிறுத்திவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

கசிந்துவிட்டால் பதற்றத்தில் பலரும் கேனுலாவைப் பிடுங்கிவிடுகிறார்கள். வேண்டாம். மருந்தை நிறுத்தி, டியூபைக் கழற்றி, அதே கேனுலாவில் சிறிய சிரிஞ்சை மாட்டி வருகிற அளவுக்கு உறிஞ்சி எடுத்த பிறகே கழற்றுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள். சிவந்த ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, படம் எடுத்து, மருத்துவரை அழையுங்கள். குளிர் ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு 4 முறை. கசிவுக்கான மாற்று மருந்தான டெக்ஸ்ராஸாக்ஸேன் தருவதென்றால் 6 மணி நேரத்துக்குள், மறு கையில் தொடங்க வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பே ஒத்தடத்தை எடுத்துவிட வேண்டும்.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து கசிந்தால் நேர்மாறு: வெந்நீர் ஒத்தடம். இந்த மருந்து முதுகுத்தண்டில் போனால் உயிரே போய்விடும் என்பதால், சிரிஞ்சில் வந்தால் வாங்காதீர்கள்; சிறிய சலைன் பையில் கலந்து அனுப்பச் சொல்லுங்கள்.