சம்பளம், வட்டி, வாடகை: வருமான வரியில் சட்டப்படி மிச்சம் பிடிப்பது எப்படி?

80சி (சேமிப்புக்கான வரிக்கழிவு), எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) என்று இந்தியத் தமிழ் யூடியூப்பில் சொல்லும் வழிகளை இலங்கை வருமான வரிக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் திருகோணமலையிலும் இருக்கிறார்கள். அவை இந்தியச் சட்டம். இலங்கையில் ஆயுள் காப்புறுதிக் கட்டணத்துக்கோ, சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 சதவீதத்துக்கோ வரிக்கழிவு கிடையாது. மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன் வட்டி ஆகியவற்றுக்கு இருந்த நிவாரணமும் 2022 டிசம்பரோடு போய்விட்டது. பழைய குறிப்பைப் பார்த்து இப்போதும் அதைக் கழிக்காதீர்கள்.

மிஞ்சியிருக்கும் நிவாரணங்கள் கொஞ்சம்தான். அவற்றில் பலவற்றை நாமே கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலானோர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 சதவீதம், மிச்சத்துக்கு 36. மாதம் 2 இலட்சம் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 24 இலட்சம். வரிக்குரியது 6 இலட்சம். வரி 36,000 ரூபா.

முதலில் வங்கி வட்டி. நிலையான வைப்பின் வட்டியில் வங்கி 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அரச ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆகவே ஓய்வூதியமும் வருடம் 4 இலட்சம் வட்டியும் மட்டுமே உள்ள ஒருவர் வரியே கட்ட வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் இருந்தால் 40,000 ரூபா போய்விடும். டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்து, வரிக்குட்பட்ட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்ற சுயபிரகடனத்தை வங்கியில் கொடுங்கள். ஏப்ரல் பிறந்ததும் கொடுப்பது நல்லது, ஏனென்றால் போன ஆண்டுப் பிரகடனம் இந்த ஆண்டுக்குச் செல்லாது. இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். தாமதித்துப் பிடிபட்ட தொகையை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வருமான வரி விபரத்திரட்டு சமர்ப்பித்து மீளக் கேட்கலாம். அது காலம் எடுக்கும் வேலை. வட்டியில் பிடித்ததற்கான சான்றிதழை வங்கியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். 18 இலட்சத்தைத் தாண்டியவருக்கும் அந்த 10 சதவீதம் இறுதி வரியல்ல, மொத்த வரியில் கழியும்.

வாடகையில் 25 சதவீதத்தைப் பழுதுபார்த்தல், பராமரிப்புக்கென்று பற்றுச்சீட்டுக் காட்டாமலே கழிக்கலாம். மேலே சொன்ன 24 இலட்சம் சம்பளக்காரர் உவர்மலையில் உள்ள வீட்டை மாதம் 40,000 ரூபாவுக்குக் கொடுத்திருந்தால், ஆண்டு வாடகை 4,80,000. இதில் 1,20,000 கழிந்தால் மொத்த வரி 57,600 ரூபா. கழிக்க மறந்தால் 74,400. விபரத்திரட்டில் ஒரு கட்டத்தை நிரப்பாததால் 16,800 ரூபா நட்டம்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாக்காரருக்கு அறை விடுபவர்கள் இந்த 25 சதவீதத்தை நம்ப வேண்டாம். சாப்பாடும் துப்புரவும் சேர்த்து நடத்துவது வியாபாரம். அங்கே உண்மையான செலவைக் கழிக்க வேண்டும்: மின்கட்டணம், வேலையாள் சம்பளம், முன்பதிவுத் தளங்களின் கமிஷன். குளிரூட்டி, கட்டில் போன்றவற்றை 5 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்கலாம். குடும்பம் குடியிருக்கும் பகுதியின் செலவைக் கலந்தால் முழுக் கணக்கையும் சந்தேகிப்பார்கள்.

கணவனும் மனைவியும் தனித்தனியாகவே மதிப்பிடப்படுகிறார்கள், இருவருக்கும் தனித்தனி 18 இலட்சம். வீட்டு உறுதி இருவர் பெயரிலும் இருந்தால் வாடகையும் பங்கின்படி பிரியும். சொத்து ஒருவர் பெயரில் இருக்க, வருமானத்தை மட்டும் மற்றவர் கணக்கில் எழுதுவது செல்லாது. அப்படி வருமானத்தைப் பிரித்துக் காட்டினால், அதைச் சரிசெய்யத் திணைக்களத்துக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது.

திருமலை வெயிலுக்கு ஏற்றது சோலார். தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த சோலார் பனல்களின் செலவுக்கோ, அதற்காக எடுத்த கடனுக்கு வங்கியில் கட்டும் தொகைக்கோ ஆண்டுக்கு 6 இலட்சம் வரை நிவாரணம் உண்டு. கட்டமைப்பில் இணையாமல் பற்றரியில் மட்டும் ஓடுவதற்குக் கிடையாது. ஆனால் 6 சதவீதப் படியில் இருப்பவருக்கு 6 இலட்சம் தருவது 36,000 ரூபாதான்; 36 சதவீதப் படியில் முழுத்தொகையும் அடங்கினால் 2,16,000. வரிக்காக மட்டும் கடன் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள், வடிவமைப்பு வேலை செய்யும் இளையவர்கள் கவனிக்க: அந்த வருமானம் வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வந்தால் உச்ச வீதம் 15 சதவீதம். வேறு வருமானம் இல்லாமல் ஆண்டுக்கு 60 இலட்சம் உழைப்பவருக்கு வரி 5,40,000 ரூபா. அதே பணம் வங்கி வழியாக அல்லாமல் உண்டியல் முறையில் வந்தால் சலுகை போய்விடும். வழமையான படிகளில் 10,32,000.

இரண்டு இடங்களில் சம்பளம் வாங்குபவருக்கு 18 இலட்ச நிவாரணம் முதன்மை வேலையில் மட்டுமே கணக்கிடப்படும். அங்கே சம்பளம் குறைவென்றால் இரண்டாவது இடத்தில் கூடுதலாக வெட்டியிருப்பார்கள். இரு இடத்திலும் சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் டி-10 சான்றிதழ் வாங்கிக் கூட்டிப் பாருங்கள்.

மார்ச் 31 அன்று முடியும் ஆண்டுக்கான விபரத்திரட்டை அதே ஆண்டு நவம்பர் 30க்குள் இணையவழியில் அனுப்ப வேண்டும். மீதி வரியைக் கட்டும் நாள் அதற்கு முந்தியது, செப்டம்பர் 30. இந்த இரண்டு திகதிகளையும் ஒன்றென நினைத்து வட்டி கட்டுபவர்கள் பலர்.